மில் சங்கு ஊதிய பிறகு குழந்தை யாரிடம்?

*ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆனால், வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கும், காலனித் தெருப் பிள்ளைக்கும், மலையடிவாரத்துப் பிள்ளைக்கும் அவை ஒரே மாதிரி எட்டுகின்றனவா?*

காலை ஆறு மணி. மேற்கே மலைமேல் மேகம் இன்னும் கலையவில்லை. ராஜபாளையம் தென்காசி சாலையில் மில் வேன்கள் முக்குக்கு முக்கு நின்று பெண்களை ஏற்றிக்கொள்கின்றன. ஒரு கையில் தூக்குச்சட்டி, தோளில் தூங்கும் பிள்ளை என்று சந்துக்குள்ளிருந்து ஓடிவருகிறார் ஓர் இளம்பெண். மூன்றாவது வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் மடியில் பிள்ளையை இறக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு துணிப்பையை வைக்கிறார். அதில் பால் பாட்டிலும் மாற்றுத் துணியும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் இருக்கின்றன. பிள்ளை கண் விழிப்பதற்குள் வேனில் ஏறிவிட வேண்டும். விழித்துவிட்டால் அழும், அழுகிறதே என்று வேன் காத்திருக்காது. அதே தெருக்கோடியில் அரசு அங்கன்வாடி மையம் இருக்கிறது. சுவரில் யானையும் கிளியும் வரைந்திருக்கிறார்கள். கதவில் பூட்டு. அது திறக்க இன்னும் மூன்று மணி நேரம் ஆகும்.

பெண்கள் மில் வேலைக்குப் போகும் எந்தத் தெருவிலும் விடிகாலையில் காணக்கூடிய காட்சி இது. ‘பிள்ளையை யார்ட்ட விட்டுட்டு வந்த?’ என்ற கேள்வியைக் கேட்காமல் இந்த ஊர்களில் எந்த இளம்தாயும் வேலைக்குச் சேர்ந்ததில்லை. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு முழுவதும் தாயின் தலையிலேயே இருக்கிறது. உண்மையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அரசும் முதலாளியும் ஊரும்தான். பகலில் பாதுகாப்பாக இருக்கவும், வயிறாரச் சாப்பிடவும், விளையாடிக் கற்கவும் ஓர் இடம் கிடைப்பது குழந்தையின் உரிமை. தெருவில் ஒரு கட்டடம் இருப்பதாலேயே அந்த உரிமை நிறைவேறிவிடாது. குழந்தை அங்கே போய்ச் சேரவும், தாய் வேலை முடிந்து வரும்வரை இருக்கவும், யாரும் ஒதுக்காமல் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடவும் முடிந்தால்தான் அது உரிமை.

முன்னோடி மாநிலம், முன்னோடி மாவட்டம்

பிள்ளைகளின் பசியை அரசின் கவலையாக்கிய காமராஜர் பிறந்த விருதுநகர் மாவட்டம் இது. 1975 அக்டோபர் 2-ம் தேதி, நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகள் குறித்து மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு 1972-ல் தந்த அறிக்கை, அதற்கு வழிகாட்டியவற்றில் ஒன்று. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், தமிழ்நாட்டுப் பால்வாடிகளைக் கிராமம் கிராமமாகக் கொண்டுசேர்த்தது. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. 2006-ல் வெளிவந்த, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பற்றிய ‘ஃபோகஸ்’ அறிக்கை, வட மாநிலங்களைவிட அதிக நேரம் திறந்திருக்கும், சூடாகச் சமைத்துப் போடும் மையங்களுக்குத் தமிழ்நாட்டைத்தான் முன்னுதாரணமாகக் காட்டியது.

இவ்வளவு பெருமைக்குப் பிறகும், 2018-ல் மத்திய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலை வெளியிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற இரண்டு மாவட்டங்களில் ஒன்று விருதுநகர், மற்றது ராமநாதபுரம். அந்தப் பட்டியலில் மாவட்டங்களை அளக்கும் முதன்மையான அளவுகோல்களில் ஒன்று, தாய்சேய் நலமும் ஊட்டச்சத்தும். நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள், ஸ்ரீவில்லிபுத்தூரின் கைத்தறிச் சேலைகள், பால்கோவா அடுப்புகள், சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகள், மலையடிவாரத்து மாந்தோப்புகள் என்று பெண்களின் உழைப்பால் ஓடும் வட்டாரம் இது. அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்குப் பகல் நேரத்தில் இடம் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.

கடிகாரம் ஒத்துவரவில்லை

அங்கன்வாடி காலை ஒன்பது மணி வாக்கில் திறக்கிறது. பாட்டு, கதை, மதியச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் முடிந்து நான்கு மணிக்குள் பிள்ளைகளை அனுப்பிவிடுகிறார்கள். நூற்பாலையில் காலை ஷிஃப்ட் அதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. மாலை ஷிஃப்டுக்குப் போகிறவர் வீடு திரும்ப இரவாகிறது. பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்கள் வேன் பிடித்துப் போய் வரும் நேரத்தையும் சேர்த்தால், மையம் திறந்திருக்கும் நேரத்துக்குள் அவர்களின் வேலை நாள் அடங்காது. காலையில் கொண்டுவிடவும் மாலையில் கூட்டிவரவும் வீட்டில் வேறொருவர் இருக்கும் குழந்தைக்குத்தான் இந்த நேரம் பொருந்துகிறது. கூட்டுக் குடும்பம் கலைந்து, கணவனும் மனைவியும் மட்டும் வாடகை வீட்டில் இருக்கும் தொழிலாளர் தெருக்களில் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் அங்கன்வாடியில் பகல் முழுக்கத் தங்கிச் சாப்பிட்டு விளையாடுவது இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு உண்டு, தடுப்பூசி உண்டு, எடை பார்ப்பது உண்டு. பகலில் தங்க இடம் மட்டும் இல்லை. முறையான வேலையில் இருக்கும் தாய்க்குச் சட்டப்படி 26 வாரப் பேறுகால விடுப்பு கிடைக்கிறது. தறிக்கூடத்திலும் ஒப்பந்தக்காரரிடமும் தினக்கூலிக்கு உழைப்பவருக்கு அந்த விடுப்பு கைக்கு வருவதே அரிது. அவருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் 18,000 ரூபாய் மதிப்புள்ள தொகையும் பெட்டகமும் பெரிய ஆறுதல். ஆனால், அது சில மாதங்களுக்குத்தான் தாங்கும். பிறகு தாய் வேலைக்குப் போகிறார். குழந்தைக்கு இரண்டு வயதாக இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.

அந்த ஒன்றரை வருடத்தில்தான் குழந்தையின் உடலும் மூளையும் வேகமாக வளர்கின்றன. கருவுற்றதிலிருந்து முதல் ஆயிரம் நாட்களில் ஏற்படும் வளர்ச்சிக் குறையைப் பின்னால் ஈடுகட்டுவது மிகக் கடினம் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சத்துமாவு வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதைக் கரைத்துப் பக்குவமாகக் காய்ச்சி, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை பொறுமையாக ஊட்டக் கை வேண்டுமே. எழுபது வயதில் மூட்டுவலியோடு மூன்று வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, பசிக்கு அழும் குழந்தையின் கையில் பிஸ்கட்டைத்தான் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

குழந்தை மட்டுமா பாதிக்கப்படுகிறது? வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதில் ஓர் அக்கா இருந்தால், தம்பிக்குக் காய்ச்சல் வரும் நாளெல்லாம் அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்க இந்த மாவட்டம் பல ஆண்டுகள் போராடியிருக்கிறது. ஆலைக்குப் போகாமல் வீட்டில் பிள்ளை பார்க்கும் சிறுமி எந்தக் கணக்கெடுப்பிலும் குழந்தைத் தொழிலாளி ஆவதில்லை. தாயின் நிலையும் அப்படித்தான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ள மில் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே செய்யும் பீஸ் ரேட் வேலைக்கு இறங்குகிறார். பிள்ளை வளர்ந்த பிறகு மில்லுக்குத் திரும்பினால் புதிய ஆளாகத்தான் சேர வேண்டும். குழந்தைக் காப்பகம் இல்லாததன் விலையைத் தாய் தன் ஓய்வுக்காலம் வரை கட்டிக்கொண்டிருக்கிறார்.

> பெட்டிச் செய்தி: அங்கன்வாடி தர வேண்டிய ஆறு சேவைகள்
> • கூடுதல் ஊட்டச்சத்து (சத்துமாவு, சமைத்த உணவு, முட்டை)
> • பள்ளி முன்பருவக் கல்வி
> • தாய்மாருக்கு ஊட்டச்சத்து, சுகாதாரக் கல்வி
> • தடுப்பூசி
> • உடல்நலப் பரிசோதனை
> • மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைத்தல்
>
> 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-வது பிரிவு, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக வயதுக்கேற்ற இலவச உணவைச் சட்டப்பூர்வ உரிமையாக்கியிருக்கிறது.

மில் வாசலில் நிற்கும் சட்டம்

முதலாளிக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று சட்டம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும் காப்பகம் இருந்தது. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியதோடு, தாய் ஒரு நாளில் நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்த்துவரவும் அனுமதித்தது. 2005-ம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், நூறு நாள் வேலைத் தளத்துக்கு ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால், பெண் தொழிலாளர்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்க நியமித்து, அவருக்கு அதே கூலியைத் தர வேண்டும் என்று விதித்தது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தக் கணக்கை மாற்றியிருக்கின்றன. காப்பகத்துக்கான அளவு இப்போது மொத்தம் 50 தொழிலாளர்கள். 45 பேர் வேலை செய்யும் ஒரு சிறு மில்லில் 35 பேர் பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின்படி அங்கே காப்பகம் கட்டாயம். புதிய கணக்கில் கட்டாயம் இல்லை. பெரிய மில்கள் சட்டத்துக்குள் வந்துவிடும். ஏழெட்டுத் தறி வைத்திருக்கும் பேண்டேஜ் துணிக்கூடம், நான்கு பெண்கள் நின்று பால் கிண்டும் பால்கோவா அடுப்படி, வீட்டுத் திண்ணையில் நூல் சுற்றும் நெசவாளர் குடும்பம் ஆகியவற்றைப் பழைய சட்டமும் தொடவில்லை, புதிய சட்டமும் தொடவில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பொருளாதாரத்தில் பெரும்பகுதி இப்படிச் சிறுசிறு கூடங்களில்தான் நடக்கிறது. அவர்களுக்கு அரசு நடத்தும் காப்பகம் ஒன்றே வழி.

சட்டத் தொகுப்பில் பயன்படக்கூடிய வாசல் ஒன்றும் திறந்திருக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொதுக் காப்பகம் நடத்தலாம். அரசு அல்லது நகராட்சி நடத்தும் காப்பகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். தறிக்கூடங்கள் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கும் சத்திரப்பட்டி போன்ற ஊருக்கு இது அளவெடுத்துத் தைத்த ஏற்பாடு. பத்துக் கூடங்களின் உரிமையாளர்களும் ஊராட்சியும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

எந்தத் தெருவில் இருக்கிறது மையம்?

நேரத்துக்கு அடுத்த கேள்வி, இடம். இந்த வட்டாரத்துக் கிராமங்களில் ஊரும் காலனியும் தனித்தனி. மையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே எந்தப் பிள்ளை தினமும் வரும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. மூன்று வயதுப் பிள்ளை தானாக நடந்து போகாது. கொண்டுவிடும் பெரியவர்கள் எந்தத் தெரு வழியாகக் கூச்சமில்லாமல் நடக்க முடிகிறதோ, அந்தத் தெருவில் இருக்கும் மையத்துக்குத்தான் அது போகும்.

உச்ச நீதிமன்றம் இதைப் புரிந்துகொண்டிருந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவுரிமை வழக்கில், 2006 டிசம்பர் 13-ம் தேதி அது பிறப்பித்த ஆணை, பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளை அடையாளம் கண்டு முன்னுரிமை தந்து மையங்கள் திறக்கச் சொன்னது. ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு எதுவானாலும், மக்கள் கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தந்தாக வேண்டும் என்றும் அந்த ஆணை சொன்னது.

மையம் வந்த பிறகும் சாதி வாசலில் நிற்பதுண்டு. ராஜபாளையத்திலிருந்து மதுரை போகும் வழியில் இருக்கும் திருமங்கலத்துக்கு அருகே, வலையபட்டி அங்கன்வாடியில் 2017-ல் பட்டியல் சாதிப் பெண்கள் இருவர் பணியில் சேர்ந்தபோது, ஆதிக்க சாதிப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். அந்தப் பெண்கள்தான் இடம் மாற்றப்பட்டார்கள். மறுஆண்டு திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. 2022 செப்டம்பரில், ராஜபாளையத்துக்குத் தெற்கே சங்கரன்கோவிலை ஒட்டிய பாஞ்சாகுளத்தில், பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்குக் கடையில் தின்பண்டம் தர மறுத்த காணொலி வெளியாகி மாநிலத்தையே உலுக்கியது. வழக்குப் பதிவாகிக் கைதுகளும் நடந்தன.

இந்தச் சம்பவங்களில் பெரியவர்களின் சண்டை பற்றித்தான் அதிகம் பேசப்பட்டது. அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் என்ன கற்றிருப்பார்கள் என்று நாம் யோசிக்க வேண்டும். மிட்டாய் வாங்கப் போன பிள்ளை, தனக்குக் காசிருந்தும் கிடைக்காது என்று கற்றுக்கொள்கிறது. ஆயாம்மா சமைத்ததைச் சாப்பிடாதே என்று சொல்லிக் கூட்டிப்போகப்பட்ட பிள்ளை, இன்னொரு மனிதரின் கை தீண்டத் தகாதது என்று கற்றுக்கொள்கிறது. இரண்டுமே குழந்தைக்குச் செய்யும் கொடுமைகள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே கரண்டியில் பரிமாறியதைச் சாப்பிடும் முதல் இடமாக அங்கன்வாடி இருக்க முடியும். அரசு இந்த வயதில் இதை உறுதியாகச் செய்துவிட்டால், பின்னால் பள்ளியிலும் கல்லூரியிலும் சாதிக் கயிறுகளைத் தேடிப் பறிக்க வேண்டியிருக்காது.

மலையடிவாரத்துப் பிள்ளைகள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்த இந்தக் காடு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. இங்கே பளியர் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். தேனும் சிறு வனப்பொருட்களும் சேகரிப்பதும், தோப்புகளில் கூலி வேலை செய்வதும் இவர்களின் பிழைப்பு. பெரியவர்கள் காட்டுக்குள் போனால் எப்போது திரும்புவார்கள் என்பதை மணி வைத்துச் சொல்ல முடியாது.

அங்கன்வாடி விதிகள் மக்கள்தொகையை வைத்து எழுதப்பட்டவை. பழங்குடிப் பகுதியில் 300 பேருக்கு ஒரு மையம், 150 பேருக்கு ஒரு குறு மையம். பளியர் குடியிருப்புகள் பெரும்பாலும் சில பத்து வீடுகள் கொண்டவை. 2023-ல் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டம், மிகவும் நலிந்த பழங்குடிகளின் சிறு குடியிருப்புகளுக்கு விதியைத் தளர்த்தி அங்கன்வாடி தர வழி செய்தது. ஆனால், அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பவர்கள் இருளர், காட்டுநாயக்கர், கோத்தர், குறும்பர், பணியர், தோடர் ஆகிய ஆறு பிரிவினர்தான். பளியர் இல்லை. காட்டையே நம்பி வாழும் மக்கள், பட்டியலின் பெயரால் ஒரு சலுகையை இழந்து நிற்கிறார்கள்.

தலை எண்ணிக்கை குறைவு என்பதால் ஒரு குழந்தையின் பசி குறைந்துவிடாது. பளியர் குடியிருப்புகளுக்கு எண்ணிக்கையைப் பார்க்காமல் குறு மையம் தர மாநில அரசால் முடியும். அதே குடியிருப்பில் படித்த பெண் ஒருவரையே பணியாளராக்கினால், மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்தாலும் மையம் திறந்திருக்கும். குழந்தையும் தன் வீட்டில் பேசும் பேச்சையே அங்கும் கேட்கும்.

பதிவேட்டில் ஏறாத பிள்ளைகள்

மில்களில் இப்போது வடமாநிலத் தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு இந்த ஊர் ரேஷன் கார்டும் இல்லை. எந்த மாநிலத்திலிருந்து வந்திருந்தாலும் இங்குள்ள அங்கன்வாடியில் சேர அவர்களுக்கு உரிமை உண்டு என்பதை அந்தப் பெற்றோருக்கு யாராவது சொல்ல வேண்டும். ஆதார் இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தைக்கும் திட்டப் பயன்களை மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இப்போது போஷன் டிராக்கர் செயலியில் முக அடையாளம் காட்டினால்தான் சத்துமாவு என்ற நடைமுறை வந்திருக்கிறது. ஷிஃப்டுக்குப் போன தாய் நேரில் வந்து முகம் காட்ட முடியாத நாளில், குழந்தையின் மாவு நின்றுவிடக் கூடாது.

மாற்றுத்திறன் குழந்தைகளின் நிலை இதைவிட வேதனை. நடக்காத, பேசாத, வலிப்பு வரும் பிள்ளையை ‘வீட்டிலேயே வச்சுக்கோங்கம்மா’ என்று அனுப்பிவிடுவது எளிது. 2023 நவம்பரில் மத்திய அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. குறையைச் சிறு வயதிலேயே கண்டறிவது, மையத்தில் மற்ற பிள்ளைகளோடு சேர்ப்பது, சிகிச்சைக்கு அனுப்புவது மூன்றும் அங்கன்வாடியின் வேலை என்கிறது அது. கண்டறிவதில் இழக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பிள்ளையின் பேச்சிலும் நடையிலும் தெரியும்.

ஒரே டீச்சர், இருபது வேலை

இத்தனையையும் செய்ய வேண்டியவர் யார்? ஒரு டீச்சர், ஓர் ஆயாம்மா. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, எடை பார்ப்பது, சமையலைக் கவனிப்பது, கர்ப்பிணி வீட்டுக்குப் போவது, செயலியில் பதிவேற்றுவது எல்லாம் அவர்கள் தலையில். 2018-ல் உயர்த்தப்பட்ட மத்திய அரசு மதிப்பூதியம் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். தமிழ்நாடு அரசு தன் பங்கைச் சேர்த்துச் சிறப்புக் காலமுறை ஊதியம் தருகிறது. ஆனாலும், இவர்கள் இன்னும் முழு அரசு ஊழியர்கள் இல்லை. 2022 ஏப்ரலில்தான், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவர்களோடு இன்னொரு கை சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டஃபர் வால்டர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் நான்கு மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் மட்டும் அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒரு பணியாளரை நியமித்துப் பார்த்தார்கள். ஒன்றரை ஆண்டில், அந்த மையங்களில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். உயரக் குறைவும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. செலவைப் போலப் பல மடங்கு பலன் பின்னாளில் திரும்பி வரும் என்பது அவர்கள் கணிப்பு. கட்டடமும் அரிசியும் முட்டையும் ஏற்கெனவே இருக்கும் இடத்தில், ஒரு மனிதரைச் சேர்ப்பதுதான் ஆகக் குறைந்த செலவில் ஆகக் கூடுதல் பலன் தரும் முதலீடு.

ஆறு வயதுக்குள் உரிமை இல்லையா?

1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி அடிப்படை உரிமை என்றது. அதில் ஆறு வயதுக்குட்பட்டவர்களும் அடங்கினார்கள். 2002-ல் வந்த 86-வது அரசமைப்புத் திருத்தம், அடிப்படை உரிமையை ஆறு முதல் பதினான்கு வயதுக்கு மட்டும் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைகளை அரசு ‘முயல வேண்டும்’ என்று சொல்லும் 45-வது பிரிவில் நிறுத்திவிட்டது. நீதிமன்றம் போய்க் கேட்க முடியாத இடம் அது. 2015-ல் சட்ட ஆணையம் தன் 259-வது அறிக்கையில், ஆறு வயதுக்குட்பட்டோரின் பராமரிப்பையும் கல்வியையும் அடிப்படை உரிமையாக்கப் புதிய பிரிவு சேர்க்கப் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.

1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18-வது பிரிவு, வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளுக்குப் பராமரிப்புச் சேவைகளைப் பெறும் உரிமையைச் சொல்கிறது. ஜெர்மனி 2013 ஆகஸ்ட் 1 முதல், ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பக இடத்தைச் சட்ட உரிமையாக்கியது. லைப்சிக் நகரில் இடம் கிடைக்காமல் வேலைக்குத் திரும்ப முடியாத தாய்மார் வழக்குப் போட்டார்கள். நகராட்சியின் தவறால் இடம் கிடைக்கவில்லை என்றால், இழந்த சம்பளத்தை ஈடாகக் கேட்கலாம் என்று 2016-ல் அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்டுப் பெற முடிகிற உரிமை என்றால் இதுதான்.

> பெட்டிச் செய்தி: உங்கள் தெருவில் மையம் இல்லையா?
> • 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம் என்பது விதி. 2011 மக்கள்தொகையை வைத்து, 800 பேருக்கு ஒன்று என்று கணக்கிட்டால் ராஜபாளையம் நகருக்கு (1,30,442 பேர்) சுமார் 163 மையங்களும் ஸ்ரீவில்லிபுத்தூர் நகருக்கு (75,396 பேர்) சுமார் 94 மையங்களும் வேண்டும்.
> • ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனுக் கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.
> • கிராமசபையில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள்.
> • மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு.

இந்த இரண்டு ஊர்களில் தொடங்கலாம்

அரசமைப்புத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் ‘பால்னா’ திட்டம் மத்திய அரசிடம் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொள்ள அதில் இடம் உண்டு. கர்நாடகம் 2023-ல் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக ‘கூசின மனை’ என்ற பெயரில் ஊராட்சிக் காப்பகங்களை அறிவித்தது. தமிழ்நாடு இந்த விஷயத்தில் பிற மாநிலத்தைப் பார்த்துக் கற்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கக் கூடாது.

மில் வேன்கள் நிற்கும் தெருக்களில் உள்ள மையங்களைத் தேர்ந்தெடுத்து, முதல் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் திறந்து மாலை வரை நடத்தலாம். இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் தனி அறை, தனி ஆள். இருக்கும் டீச்சரின் வேலை நேரத்தை நீட்டாமல், இரண்டாவது பணியாளரை நியமித்து இதைச் செய்ய வேண்டும். தறித்தெருக்களில் உரிமையாளர்களின் பங்களிப்போடு பொதுக் காப்பகம் வரட்டும். நகராட்சிகள் இரண்டும், எந்த வார்டில் எத்தனை மையம், எத்தனை சொந்தக் கட்டடம், எத்தனை காலிப் பணியிடம் என்ற பட்டியலை வெளியிடட்டும். காலனிப் பிள்ளைகளும் பளியர் பிள்ளைகளும் எத்தனை பேர் தினமும் வருகிறார்கள் என்பதைத் தாய்மார் குழுக்களே தணிக்கை செய்யட்டும்.

இவற்றில் எதுவும் ஆகாத காரியம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட முடியாது, கஜானா தாங்காது என்று சொன்னவர்களை மீறித்தான் இந்த மண்ணின் மைந்தர் காமராஜர் அதைச் செய்து காட்டினார். அவர் பள்ளி வாசல்வரை வந்த பிள்ளைக்குச் சோறு போட்டார். பள்ளி வாசலை எட்ட இன்னும் வயது வராத பிள்ளைக்குப் பகல் முழுவதும் ஓர் இடமும், ஒரு மனிதரும், ஒரே பந்தியும் தருவது நம் தலைமுறை செய்ய வேண்டிய பாக்கி. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் ஒவ்வொருவரிடமும், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், தாய்மார் இதைக் கேட்க வேண்டும்: எங்கள் வார்டில் காப்பகம் எந்த மாதம் திறக்கும், எத்தனை மணிக்குத் திறக்கும்?